மாமன் பக்கம் பாதி, வீட்டுப் பக்கம் பாதி

உக்கடம், கோயம்புத்தூர்
10-6-1982

ரெங்கம்மாளுக்கு, அஜ்மல் பீவி எழுதுவது.

எந்த அஜ்மல் பீவி என்று நீ கேட்டாலும் கேட்பாய். நெல்பேட்டை பேண்டுக்கார வஹீது மகள். பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனியாபுரத்திலிருந்து நீ தூக்குவாளியில் கொண்டுவரும் சோற்றில் பாதியைத் தின்றவள். உன் கல்யாணத்தோடு நமக்குள் பேச்சு நின்று ஏழு வருஷம் ஆகிறது. நம்முடைய தமிழ் டீச்சர் போன மாதம் இங்கே மகள் வீட்டுக்கு வந்திருந்தார். அவரிடம்தான் உன் தல்லாகுளம் முகவரியை வாங்கினேன்.

சண்டையைத் தொடர எழுதவில்லை. ஒன்று கேட்க வேண்டும், உன்னை விட்டால் கேட்க ஆளில்லை.

என் வீட்டுக்காரர் ரோஷன் இங்கே கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். கடைக்குப் பத்துக் கடை முன்னாலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே டேப் ரெக்கார்டரில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தது என் அத்தா. மதுரைக் கல்யாணத்துக்குப் போன யாரோ ஒருவர் அத்தாவின் பேண்டை கேசட்டில் பிடித்து வந்திருக்கிறார். கல்யாணக் கூச்சல், குழந்தை அழுகை, இலை போடுகிற சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே அத்தா. கூடவே சேக் மைதீன் மாமாவின் ட்ரம்பெட், முத்திருளன் அண்ணனின் பெரிய டிரம், சோணைமுத்து அண்ணனின் சின்ன டிரம்.

உனக்கு நம்பச் சிரமமாக இருக்கும். அவர்கள் நாலு பேரும் சேர்ந்து வாசித்து அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகக் கேட்டேன். வீட்டில் அத்தா தனியாக, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு ஆகாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பழகுவார். அதைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை. இருபத்தைந்து வருஷமாக ஊரே கேட்கிறது, வீட்டுப் பெண் கேட்டதில்லை.

ஒரு சினிமாப் பாட்டில் ஆரம்பித்தார்கள். இரண்டு வரிதான் அந்தப் பாட்டு. பிறகு அதை விட்டு எங்கேயோ கிளம்பிப் போய்விட்டார்கள். மாமா ஒன்று சொல்ல அத்தா வேறொன்று சொல்ல, அரை மணி நேரம். நல்ல உச்சத்தில் கேசட் தீர்ந்து டப்பென்று நின்றுவிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

உன் கல்யாணத்தில் வாசித்தது அத்தா பேண்டுதானே. அந்தப் பாட்டை அங்கேயும் வாசித்தார்களா? கடைசியில் எப்படி முடித்தார்கள்? அதை மட்டும் எழுது. மற்றதற்கு உன் கோபத்தை அப்படியே வைத்துக்கொள்.

அஜ்மல்


தல்லாகுளம், மதுரை
19-6-1982

அடியே அஜ்மல்,

ஏழு வருஷம் கழித்து ஒரு நீலக் கடுதாசி வருகிறது. நான் பிள்ளை பெற்றேனா, என் அய்யா உயிரோடு இருக்கிறாரா, ஒரு வார்த்தை கிடையாது. பாட்டு எப்படி முடிந்தது என்று கேட்கிறாள். உனக்கு இருக்கிற நெஞ்சழுத்தம் எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் கிடையாது. எங்கள் வம்சத்தைப் பற்றித் தெரிந்தும் சொல்கிறேன்.

வாசித்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து பிடித்தவர்கள் விளக்கு வைக்கிற வரைக்கும் விடவில்லை. அவனியாபுரம் ஊரே வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றது. பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடியைக் கழற்றாமலேயே வந்து நின்றார்கள். நான் மணவறையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அத்தா வந்தார். உன் சேக் மைதீன் மாமா வந்தார். நீ வரவில்லை. என் பக்கத்தில் நிற்க என்று ஒரு சிநேகிதி வேண்டாமா? மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் "பொண்ணுக்குக் கூட்டாளின்னு ஒருத்தியும் இல்லையா"ன்னு கேட்டார்கள். அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

பாட்டு எப்படி முடிந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொல்ல மாட்டேன். வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ரெங்கம்மாள்

பின்குறிப்பு: எனக்கு ஒரே மகள், சின்னத்தாய், ஐந்து வயது. என் மாமியார் பேர்தான். அய்யா நன்றாக இருக்கிறார். நீ கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை.


உக்கடம்
28-6-1982

ரெங்கு,

நோன்பு. பகலில் வேலை குறைவு, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

நான் மூன்றாவது படிக்கும்போது என் அம்மாவின் தம்பி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனார், அத்தா வாசிப்பதைக் காட்ட. நாங்கள் போன நேரம் வாசிப்பு முடிந்துவிட்டது. அத்தாவைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனோம். பந்தலுக்குப் பின்னால் அண்டா கழுவுகிற இடத்தில், ஊரெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சம் இருந்ததை இவர்களுக்குப் போட்டிருந்தார்கள். தலையில் குஞ்சம் வைத்த தொப்பி, பொத்தான் பளபளக்கிற சிவப்புக் கோட்டு, அதோடு என் அத்தா தரையில் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார். கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார்.

அன்றையிலிருந்து அவர் வாசிக்கிற இடத்துக்கு வீட்டு ஆட்கள் யாரும் வரக்கூடாது என்று சட்டம். பெண்கள் தெருவில் நிற்கக் கூடாது, அதனால்தான் என்று வெளியே சொல்லிக்கொள்வார். உண்மை எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். சாப்பிடுவதை நாங்கள் பார்க்கக் கூடாது.

உன் கல்யாணத்துக்கு நான் புதுப் புடவை கட்டி, பூ வைத்து, துப்பட்டியும் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். செருப்பில் கால் இருந்தது. அத்தா கிளாரினெட் பெட்டியைக் கீழே வைத்தார். "நீ வந்தா நான் ஊத மாட்டேன்"னு சொன்னார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். நான் வந்திருந்தால் உன் கல்யாணத்துக்கு மேளம் இருந்திருக்காது, ரெங்கு. நான் செருப்பைக் கழற்றினேன். நெல்பேட்டையிலிருந்து அவனியாபுரம் வாசிப்பு கேட்காது என்று தெரியும். இருந்தாலும் அன்று முழுக்க மாடியில் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

இதை அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். அத்தா எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாடாயிற்றே.

அஜ்மல்


தல்லாகுளம்
12-7-1982

அஜ்மலு,

கடுதாசியைப் படித்துவிட்டு அம்மாவைக் கேட்டேன். எங்கள் வீட்டிலும் பின்னால்தானாம், வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில். "அது வழக்கம்தானடி"ன்னு அம்மா சொன்னாள். நான் அம்மாவிடம் சண்டை போட்டேன், பாவம் அவள் என்ன செய்வாள். பிறகு உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் கோர்ட்டிலிருந்து வந்து யார் செத்துப்போனது என்று கேட்டார்.

போதும். இப்போது நான் சொல்வதைக் கேள்.

ஆவணி இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, என் மகளுக்குக் காதுகுத்து. இங்கே தல்லாகுளத்தில் வீட்டு வாசலிலேயே பந்தல். நீ வருகிறாய். வேடிக்கை பார்க்க அல்ல, என் கூட்டாளியாக. என் வீட்டுக்காரர் வீரணன் நெல்பேட்டைக்குப் போய் உன் அத்தாவிடமே பேசி, பேண்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்துவிட்டார். நீ வருவதை அத்தாவிடம் சொல்லாதே. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெருமுனை வரைக்கும் தெரியும். பெண்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.

சாப்பாட்டை என்னிடம் விடு. கிடாய்களை அறுக்க உங்கள் நெல்பேட்டை பாய் ஒருத்தரையே வரச் சொல்லியிருக்கிறேன், ஓதி அறுப்பார். கறி சாப்பிட மாட்டாங்க, தனியாகப் போட்டுவிடலாம் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. ஒரே முட்டுக்கட்டை என் மாமனார் நல்லகாமன். முதல் பந்தி தாய்மாமன் வீட்டுச் சனத்துக்கு, அதில் சொந்தத் தம்பியைக்கூட உட்காரவிட மாட்டேன் என்கிற ஆள். பேண்டுக்காரர்களையும் அதில் உட்கார வைக்கலாமா என்று மெதுவாகப் பேச்சை எடுத்தேன். இடுப்பிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் அப்படிச் செய்தால் பேச்சு முடிந்தது என்று பொருள். ஆனால் என் பேச்சு முடியவில்லை. கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருக்கிறது, அவரிடம் பேச வேண்டியதை நான் இப்போதே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுது. கேட்காமலும் எழுதலாம்.

ரெங்கம்மாள்


உக்கடம்
2-8-1982

ரெங்கு,

பெருநாள் நல்லபடியாகப் போயிற்று. இவர் "போயிட்டு வா, அந்த கேசட்டோட மிச்சத்தையும் கேட்டுட்டு வந்து சொல்லு"ன்னு சொல்லிவிட்டார். எனக்குத்தான் தைரியம் வரவில்லை. அத்தா பாதி வாசிப்பில் என்னைப் பார்த்துவிட்டால் கிளாரினெட்டை இறக்கிவிடுவார். அத்தனை பேர் முன்னால் உன் வீட்டு விசேஷம் கெட்டுப்போகும். உன் கல்யாணத்தைக் காப்பாற்றிவிட்டு மகள் காதுகுத்தைக் கெடுத்தவள் என்று ஆகிவிடுவேன்.

இன்னொரு சங்கதி. அம்மா எழுதியிருக்கிறார். அத்தாவும் சேக் மைதீன் மாமாவும் இருபத்தைந்து வருஷத்தில் இல்லாத சண்டையாகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். அத்தா வெளியே போயிருந்த நேரம் மாமா யாரோ அவனியாபுரத்து ஆளிடம் வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டார். அதே ஆவணி இருபது. அக்கா மகள் காதுகுத்துக்கு, தல்லாகுளத்துக்குச் சீர் கொண்டுபோக வேண்டுமாம். ஒருத்தரிடம் வாங்கின வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இவர்களிடம் கிடையாது. அத்தாவும் கொடுக்க மாட்டேன் என்கிறார், மாமாவும் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

அது உன் தம்பியா?

அஜ்மல்


தல்லாகுளம்
9-8-1982

அஜ்மலு,

என் தம்பிதான். கருத்தக்கண்ணன். வேறு யார் இந்த வேலை பார்ப்பார்கள்?

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். தாய்மாமன் சீர்த்தட்டோடு மேளம் கொட்டி வருவான், வீட்டுக்காரர்கள் மேளம் கொட்டித் தெருமுனையில் எதிர்கொண்டு அழைப்பார்கள். இரண்டு பக்கமும் இரண்டு மேளம் வேண்டும். தம்பியும் என் வீட்டுக்காரரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் போய் ஒரே பேண்டுக்கு வெற்றிலை வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். என் கல்யாணத்தில் கேட்டதிலிருந்து இரண்டு பேருக்கும் அந்த பேண்டு மேல் பித்து. கூட்டி வரவும் அதே ஆள், வரவேற்கவும் அதே ஆள் என்றால் எப்படி?

வேறு செட் பிடித்துக்கொள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டோம். "மாமன் சீர் வேற எவனோ ஊத, மச்சான் வீட்டுல வஹீது பாய் ஊதவா? நான் வரலே"ன்னு சொல்லிவிட்டான். மாமன் வராவிட்டால் யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது? என் வீட்டுக்காரரும் விடவில்லை, முதலில் போனது நான்தான் என்கிறார். என் மகள் காது இந்த ஜென்மத்தில் மூளியாகவே இருந்துவிடும் என்று நினைத்தேன்.

கடைசியில் உன் அத்தாதான் தீர்த்துவைத்தார். என் வீட்டுக்காரரையும் தம்பியையும் நெல்பேட்டையில் இருக்கிற பேண்டு கடைக்கு வரவழைத்திருக்கிறார். சேக் மைதீன் மாமா ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "ரெண்டு வெத்தலையும் வெத்தலதான். செட்டப் பாதியாப் பிரிச்சுக்கிறோம்"னு சொல்லிவிட்டார். உன் அத்தாவும் முத்திருளனும் மாமன் சீரோடு வருவார்கள். சேக் மைதீன் மாமாவும் சோணைமுத்துவும் எங்கள் தெருமுனையில் நின்று எதிர்கொள்வார்கள். கூட ஊதுகிறவர்களையும் அப்படியே பிரித்துக்கொள்வார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் இருக்கிற இரண்டு பேர் எதிரெதிராக நின்று வாசிக்கப்போகிறார்கள். இதையும் பார்க்க வராவிட்டால் நீ வஹீது மகளே இல்லை.

சனிக்கிழமையே வந்துவிடு. கிளாரினெட்டை இறக்கினால் இறக்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரெங்கம்மாள்


உக்கடம்
14-9-1982

ரெங்கு,

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. இவரிடம் தினமும் ஒரு தடவை சொல்கிறேன், தினமும் கொஞ்சம் கூடிவிடுகிறது. உனக்குக் கூட்டாமல் எழுதுகிறேன். நீ ஒன்றும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். விசேஷ வீட்டுக்காரி எதைப் பார்த்தாள். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறபோதெல்லாம் நீ ஆரத்தித் தட்டோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாய்.

உன் தம்பி ஆட்கள் கோரிப்பாளையத்தில் லாரியை விட்டு இறங்கினார்கள். முதலில் முத்திருளன் அண்ணனின் பெரிய டிரம் மட்டும் கேட்டது. பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேலே சீர்த்தட்டுகள், மாலை போட்ட கிடாய். எல்லாவற்றுக்கும் முன்னால் அத்தா. நான் பார்த்திருக்கிற அத்தா கைலியும் பனியனுமாகக் கதவைச் சாத்திக்கொள்கிறவர். இந்த ஆள் நெஞ்சை நிமிர்த்தி, மெயின் ரோட்டின் நடுவில், பஸ்ஸுக்கு வழி விடாமல் வந்தார். அவர் பின்னால் உன் தம்பி சனம் மொத்தமும் வந்தது.

உன் தெருமுனையில் சேக் மைதீன் மாமா காத்திருந்தார். சின்ன டிரம் அவரிடம், பெரிய டிரம் அத்தாவிடம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு குறையோடு இருந்தார்கள். அத்தா எடுத்தது எந்தப் பாட்டு தெரியுமா? அதே பாட்டு. கேசட்டில் நின்றுபோன பாட்டு. எனக்கு மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

அத்தா இரண்டு வரி வாசித்து நிறுத்தினார். மாமா பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றே சும்மா நின்றார். அத்தா மறுபடி அதையே வாசித்தார், இந்தத் தடவை கடைசியில் கொஞ்சம் இழுத்து, கேலியாக. கூட்டம் சிரித்தது. அப்போதுதான் மாமா ட்ரம்பெட்டைத் தூக்கினார். ஒரு மாதம் பேசாமல் வைத்திருந்ததை எல்லாம் பேசினார், ரெங்கு. வார்த்தை இல்லையே தவிர வசவுதான் அது. அத்தா கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். கேட்டு, மாமா கடைசியாக விட்டதை அப்படியே பிடித்து, அதைச் சமாதானமாகத் திருப்பிக் கொடுத்தார். மாமா வாங்கிக்கொள்ளவில்லை. வேறொன்று எறிந்தார். அதையும் அத்தா பிடித்தார்.

இப்படியே இருவரும் அடியடியாகக் கிட்டே வந்தார்கள். பஸ் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். கண்டக்டர் இறங்கி நின்று விசிலை வாயில் வைத்தபடி மறந்துவிட்டார். கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் சைக்கிளில் வந்தவர்கள் எல்லாம் இறங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காது குத்த வந்த ஆசாரி ஊசியும் கையுமாகப் பந்தலை விட்டு வெளியே வந்துவிட்டார். நல்ல நேரம் போகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தாரே உன் மாமனார், அவர் தெருமுனை வரைக்கும்தான் ஓடிவந்தார். அங்கே நின்று தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். நான் பார்த்தேன், அவர் மறுத்தால் நம்பாதே.

பெரிய டிரம்மும் சின்ன டிரம்மும் ஒன்று சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அதுவரைக்கும் பாதிப் பாதியாக இருந்த சத்தம் சட்டென்று முழுசாகிவிட்டது. என் பக்கத்தில் நின்ற உன் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏனம்மா அழுகிறாய் என்று கேட்டார். அது எங்க அத்தா என்று சொன்னேன். அவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மாடியில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒதுங்கி எனக்கு முன்னால் இடம் விட்டார்கள்.

பாட்டு எப்படி முடிகிறது என்று இப்போது எனக்கும் தெரியும். முடிவதில்லை. இரண்டு பேரும் ஒரே மூச்சில் அதை மங்கல மெட்டுக்குள் கொண்டுபோய், அப்படியே உன் வாசலுக்குள்ளும் கொண்டுபோய்விட்டார்கள். அதைச் சொல்லாமல் வைத்திருந்தாயே, நல்லவள்தான் நீ.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. நான் கீழே இறங்கி வரும்போது முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. நடு வரிசையில் உன் தம்பி. அவர் வலது பக்கம் அத்தா, இடது பக்கம் மாமா, அப்புறம் வரிசையாகச் சிவப்புக் கோட்டு. நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கறி வாளியை என் கையில் திணித்தாய். எப்படிச் செய்தாய் என்று கேட்க நேரமில்லை. போட்டுக்கொண்டே வந்தேன். அத்தா இலைக்கு வந்தேன். அவர் என் வளையலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்திருந்தால் நான் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். அத்தா இந்தப் பக்கம் உன் தம்பியைப் பார்த்தார், முன்னால் இலையைப் பார்த்தார்.

"நல்லா அள்ளி வைம்மா. பசிக்குது"ன்னு சொன்னார்.

அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மற்ற இலைக்காரர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள்.

நெல்பேட்டை வீட்டுக்கு நடந்து போகும்போது, வாசிப்பு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். வாழ்நாளில் முதல் தடவை. நடுவில் ஒரு இடத்தில் மாமா உங்களை முந்திவிட்டார் என்றேன். கிளாரினெட் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு, அதைக் கவனித்தவள் நீ ஒருத்திதான் என்று சிரித்தார். பின்னால் வந்த மாமா, நானும் கவனித்தேன் என்றார். இரண்டு பேரும் பேசிவிட்டார்கள்.

அந்த முதல் பந்தி எப்படி நடந்தது? எழுது.

அஜ்மல்


தல்லாகுளம்
21-9-1982

அஜ்மலு,

நான் செய்ததாக நினைத்தாயா? நானும் செய்யலாம் என்றுதான் இருந்தேன். மாமனாரிடம் பேச வேண்டியதை இரண்டு மாதமாக அடுப்படியில் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் வீணாகிவிட்டது. என் தம்பி முந்திவிட்டான். அவன் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பந்தி போட்டாயிற்று. என் மாமனார் வாசலில் நின்று "மாமன் சனம் மட்டும் உக்காருங்க, பேண்டுக்காரங்களுக்குப் பின்னால போட்டுருக்கு"ன்னு சொன்னார். தெருமுனையில் தொடையில் தாளம் போட்ட அதே ஆள்தான். வழக்கம் வேறு, தாளம் வேறு அவருக்கு. உன் அத்தா வழக்கம்போல் பின்பக்கம் திரும்பினார். என் தம்பி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இவரு எங்கூட வந்தவரு. எஞ் சீருக்கு முன்னால நடந்து வந்தவரு. இவருக்கு எலை இல்லேன்னா எனக்கும் வேணாம்"னு சொல்லிவிட்டான்.

உனக்குத் தெரியாது, எங்களில் தாய்மாமன் பந்தியிலிருந்து சாப்பிடாமல் எழுந்தால் அந்த வீட்டுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். மாமனார் இறங்கி வந்தார். சரி, உங்கூட வந்த பாதிப் பேர் உக்காரட்டும் என்றார். அந்தப் பக்கம் சேக் மைதீன் மாமாவும் அவர் ஆட்களும் எங்கள் வீட்டு மேளமாக நின்றுகொண்டிருந்தார்கள். உன் அத்தா அவர்களைப் பார்த்தார். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அவக இல்லாம நான் எப்புடி உக்காருறது? அவக உங்க வீட்டு ஆளுகதானே"ன்னு கேட்டார்.

செட்டைப் பாதியாகப் பிரித்ததால் வந்த வினை. ஒரு பாதி மாமன் சனம், உட்கார வைக்காவிட்டால் மாமன் எழுந்துவிடுவான். மறுபாதி எங்கள் வீட்டு ஆட்கள், அவர்களை நிறுத்தி வைத்துவிட்டு விருந்தாளியை மட்டும் உட்கார வைத்தால் நல்லகாமன் வீட்டு ஆளுக்கு நல்லகாமனே இலை போடவில்லை என்றாகிவிடும். என் மாமனார் துண்டை எடுத்து உதறினார். நான் போச்சு என்று நினைத்தேன். அந்தத் துண்டாலேயே பெஞ்சைத் துடைத்துவிட்டு, உட்காருங்க பாய் என்றார். அப்புறம்தான் நான் உன்னைத் தேடி வாளியோடு வந்தேன்.

இன்னொரு செய்தி, இதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டுச் சிவனாண்டி கோர்ட்டில் இவரோடு வேலை பார்க்கிறார். ஐப்பசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். அன்று தெருவில் கேட்டதிலிருந்து அவருக்கு வேறு பேண்டே பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அவரை நெல்பேட்டைக்குக் கூட்டிப்போனார். உன் அத்தா வெற்றிலையைத் தொடாமல், ரெண்டு விஷயம் இருக்கு என்றாராம். சேக் மைதீன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினாராம். முதல் விஷயம், பேண்டுக்கு முதல் பந்தியில் இலை. சிவனாண்டி கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டுச் சரி என்றார், வேறென்ன செய்வார். நல்லகாமன் வீட்டிலேயே போட்டாயிற்று, அவர் எந்த மூலைக்கு.

இரண்டாவது, வாசிக்கிற இடத்தில் ஒரு நாற்காலி போட வேண்டுமாம். யாருக்கு என்று இவர் கேட்டார். "எம் மகளுக்கு"ன்னு சொன்னாராம் உன் அத்தா. உங்க மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாளே, கல்யாணத்துக்கு வருவாளா என்று சிவனாண்டி கேட்டார்.

"வந்தாலும் வராட்டியும் நாற்காலி கெடக்கணும்."

இவர் வந்து சொன்னபோது நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன், சோறு குழைந்துவிட்டது.

கல்யாணம் ஐப்பசி எட்டாம் தேதி.

ரெங்கம்மாள்


(அஞ்சலட்டை)

உக்கடம்
27-9-1982

ரெங்கு,

இவரையும் கூட்டிக்கொண்டு வாரேன். அவருக்கு இடம் அவரே தேடிக்கொள்வார். எனக்குக் கிடக்கிற நாற்காலியைச் சேக் மைதீன் மாமாவுக்கு நேர் எதிரே போடச் சொல். இந்தத் தடவை யார் முந்துகிறார்கள் என்று கிட்டே இருந்து பார்க்க வேண்டும்.

அஜ்மல் பீவி
வஹீது பேண்டு, நெல்பேட்டை